சம்பாதிக்கிற பிள்ளை

– ஆறே மாசம், நாகரத்தினம் சயா. அதுக்கு மேல கேக்க மாட்டேன்.

– மஞ்சுளா, ஆறு மாசம் கேட்டாலும் ஒரு வாரம் கேட்டாலும் ஒரே பதில்தான். கோயில் சத்திரத்து அறை திக்கத்தவங்களுக்கு. நாளைக்கு நீ அந்தத் தையல் ஃபேக்டரிக்குள்ள கால வச்சியா, அன்னையிலேர்ந்து உங்கம்மா தைலம்மா திக்கத்தவ இல்ல. சம்பாதிக்கிற பிள்ளை இருக்குல்ல?

– இன்னும் மொதல் சம்பளமே வாங்கல சயா. வெளியில ரூம்பு கேட்டா ஆறு மாச வாடகைய முன்னாடியே வைங்கிறாங்க. அத சேக்குற வரைக்கும்தானே கேக்குறேன்.

– புரியுதும்மா. எனக்குப் புரிஞ்சு என்ன? நான் இங்க மேனேஜர், அவ்வளவுதான்.

– பாதி சம்பளத்த வாடகையா குடுத்துர்றேன்.

– அடடா, அந்தப் பேச்சே பேசாத. வாடகைன்னு ஒரு காசு வாங்கினா இது தர்மச் சத்திரம் இல்ல, வாடகை வீடுன்னு சொல்லி வரியப் போட்டுருவான். இப்பதான் வரி கிடையாது. அதுவும் போச்சுன்னா பன்னெண்டு அறைக்கும் அரிசி எங்கேர்ந்து வரும்?

– நாகரத்தினமய்யா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?

– கேளு தைலம்மா. எந்திரிக்காத, கட்டில்லயே உக்காரு.

– வேலைக்குப் போகாம சும்மா கெடந்தா அறையும் சோறும் உண்டு. எந்திரிச்சு நடக்கப் பாத்தா வெளிய போ. இது என்னங்கய்யா ஞாயம்?

– ஞாயம் இல்லதான். ஆனா கீழ தாழ்வாரத்துல பாத்தியா, பூகம்பத்துல வீடு இடிஞ்சுபோயி கைக்கொழந்தையோட ஒருத்தி அறை காலியாகுமான்னு படுத்திருக்கா. புஷ்பான்னு பேரு. அவளுக்கு நான் என்ன ஞாயம் சொல்றது?

– அப்ப நான் மட்டும் போயிர்றேன், சயா. ஃபேக்டரி பக்கம், ஷ்வேப்யிதாவுல பொண்ணுங்க பத்துப் பேரு ஒரு ரூம்புல சேந்து இருக்காங்க. ஒரு பாய் போட எடம் தர்றாங்க. அமே மட்டும் இங்க இருக்கட்டும். அறையும் அவங்க பேர்லதானே எழுதியிருக்கு?

– நீ எங்க இருந்தா என்ன, பிள்ளை பிள்ளைதானே? வெளியூர்ல சம்பாதிச்சாலும் பெத்தவள அதுதான் பாக்கணும்னு சட்டம் வச்சிருக்காங்க.

– பிள்ளையே இல்லன்னா?

– என்னம்மா சொல்ற?

– கோயிலுக்கு வந்திருக்கிற புதுத் தலைவருக்கு எங்களத் தெரியாதுல்ல, சயா?

– தெரியாது. இன்னைக்குத்தான் மொத தடவ அறை அறையா பாக்க வர்றாரு. கீழ வந்தாச்சு, நான் போகணும். மஞ்சுளா, நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லவும் மாட்டேன். அவரு கேட்டா உங்கம்மா பதில் சொல்லட்டும்.

– போறாரு பாரு அமே. நல்ல மனுசன், வாயத் தொறக்க மாட்டாரு. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்.

– என்ன வார்த்த?

– பிள்ள குட்டி இல்ல, தனியாளுன்னு சொல்லு.

– ஏ புள்ள, என்ன நெனச்சிக்கிட்டுப் பேசுற?

– வாரா வாரம் வந்து பாத்துக்கிறேன். யாரோ தெரிஞ்ச பொண்ணு மாதிரி.

– உனக்கு முந்திப் பொறந்தது ரெண்டு. தெரியுமில்ல? ரெண்டையும் இந்தக் கையாலதான் துணியில சுத்திப் பொதைக்கக் குடுத்தேன். அப்பறம் யாரு வந்து பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாலும் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவேன். அந்த ஒண்ணத்தானேடி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?

– அமே…

– இல்லன்னு சொன்னா அது பலிச்சிரும் ஆத்தா. எனக்குப் பயமா இருக்கு. என் நாக்கு வராது.

– அப்ப என்ன பண்றது, நீயே சொல்லு. ஃபேக்டரி கேட்டு வாசல்ல அத்தனை பொண்ணுங்க நிக்கிதுங்க. நாளைக்கு நான் போகலன்னா அந்த மெஷின்ல வேற ஒருத்தி உக்காருவா. உன்ன இந்தக் காலோட தெருவுல எறக்கவா? புண்ணு ஆறவே இல்ல. இங்கேர்ந்து போனா உன் சர்க்கரை ஊசி யாரு தருவா?

– ரெண்டு பேரும் சேந்தே கெடப்போம். ரயில் டேசன்ல எத்தனை பேரு படுத்திருக்காங்க.

– போன மழையில அங்க படுத்தவங்கள பாத்தியா நீ? நான் பாத்தேன்.

– கத்தாத புள்ள. பக்கத்து அறைக்குக் கேக்கும்.

– கேக்கட்டும். எனக்கு வயசு இருபத்திரெண்டு அமே. சத்திரத்துச் சோத்தத் தின்னுட்டு இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். மொத தடவயா ஒருத்தன் வேலைக்கு வான்னு கூப்பிட்டான். எவ்வளவு சந்தோசமா ஓடி வந்தேன், தெரியுமா?

– அழுவாத. ஏ மஞ்சு, இங்க வா. கிட்ட வா.

– சரி அமே. யபாதே, ஒண்ணும் இல்ல, விடு. நான் போகல. வேலை வேணாம்னு சொல்லிர்றேன். நீ பொய் சொல்ல வேணாம்.

– போகலையா?

– போகல. இங்கயே இருக்கேன். மூஞ்சத் தொடச்சுக்க, படியேறி வர்றாங்க.

– தலைவரய்யா, இது ஏழாம் நம்பர் அறை. இவங்க தைலம்மாள். கால்ல புண்ணு, நடக்க முடியாது.

– வணக்கம்மா. உக்காருங்க, உக்காருங்க. ஊசியெல்லாம் ஒழுங்கா கெடைக்குதா?

– கெடைக்குதுங்கய்யா. உங்க புண்ணியம்.

– பிள்ளைங்க யாரும் இருக்காங்களா?

– சயா, நான் இவங்க…

– இல்லைங்கய்யா. எனக்கு யாரும் இல்ல.

– அப்ப இந்தப் பொண்ணு?

– யாரோங்கய்யா. காலையில வேலைக்குப் போகணுமாம், வழி கேட்டு வந்துச்சு. சொல்லிட்டேன். போகச் சொல்லுங்க.