முதலில் அவுட் ஆகும் பிள்ளைக்கும் பி.டி. பீரியட்

அவையின் தலைமையை ஏற்றிருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! இந்தத் தொடக்கப்பள்ளியைத் தன் சொந்த வீடுபோல் கட்டிக் காக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! கழுத்தில் விசில் இல்லாமல் இன்றுதான் முதன்முறையாக நான் பார்க்கிற பி.டி. மாஸ்டர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வேலை முடிந்த கையோடு முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் தகப்பன்மார்களே! மாலை வகுப்பில் என்னோடு எழுதப் படிக்கக் கற்கும் வகுப்புத் தோழர்களே, அவர்களிலும் குறிப்பாகக் கடைசிப் பெஞ்சுத் தையல்கார அண்ணனே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மெதுவாக எழுதினேன், மெதுவாகத்தான் படிப்பேன். என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். இப்போது? நல்லது.

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டிக்கு வரும் வாரம் பயிற்சி தொடங்குகிறது. பயிற்சி நடக்கும் மாதம் முழுவதும் எல்லா வகுப்புகளின் பி.டி. பீரியடையும் போட்டியில் ஓடும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். இந்த ஆண்டு அந்த வழக்கம் வேண்டாம், பீரியட் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், ஓடுகிறவர்கள் காலையில் சீக்கிரம் வந்து பழகட்டும் என்கிறார் மாஸ்டர். வழக்கத்தை மாற்ற வேண்டாம், கப்பு கைநழுவிப் போய்விடும் என்கிறார்கள் சில பெற்றோர். சங்கம் முடிவு செய்யட்டும் என்று தலைமையாசிரியை அம்மா விட்டுவிட்டார். நான் மாஸ்டர் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் மேடை ஏறினேன்.

என் பேத்தி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். போன ஆண்டு அவளுக்கு ஒரு வயிற்றுவலி வந்தது. எப்போது வரும்? பி.டி. பீரியட் உள்ள நாளில் வரும். மற்ற நாளில் வராது. என் மருமகள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயிறு நல்லாத்தான் இருக்கும்மா. ஸ்கூலைத்தான் அமுக்கிப் பாக்கணும்" என்றார்.

அது பயிற்சி மாதம். நான் வாண்டுவிடம் கேட்டேன்.

"இன்னைக்கு பி.டி. பீரியட்ல என்னடா கண்ணு விளையாடுன?"

"நான் கைதட்டுறதுல இருக்கேன் தாத்தா."

"கைதட்டுறதா? அது என்ன ஆட்டம்?"

"ஓடுறவங்க ஓடுவாங்க. நாங்க வரிசையா உக்காந்து தட்டுவோம். விசில் ஊதினா நிறுத்திடணும். நான் விசிலுக்கு அப்புறமும் தட்டிட்டேன்னு திட்டு விழுந்துச்சு."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நான்கு பிள்ளைகள் ஓட, ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்து கைதட்டப் பழகியதா? ஓடத் தெரிந்த கால்களுக்கு ஓட்டம், ஓடத் தெரியாத கால்களுக்குச் சம்மணமா?

சரி, மாதம் முடிந்தது, கப்பும் வந்தது, இனி வலி போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. இந்த ஆண்டு இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் அதே கதை. ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போனபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். துரத்திப் பிடிக்கும் ஆட்டம். மாஸ்டர் விசில் ஊதினார். பிள்ளைகள் சிதறினார்கள். வாண்டு நாலு எட்டு வைப்பதற்குள் பிடிபட்டாள். அவுட்! போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு குண்டுப் பையன், அவனும் அவுட். மற்றவர்கள் ஓடி ஓடி வியர்த்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆட்டம் தொடங்கியது. மறுபடியும் முதலில் இவர்களே அவுட். மறுபடியும் அதே சுவர்.

பெரியோர்களே, ஒன்று கேட்கிறேன். கணக்கு வகுப்பில் முதல் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம், "நீ அவுட், ஓரமாகப் போய் உட்கார், மற்றவர்கள் போடட்டும்" என்று சொல்லுவோமா? சொல்லமாட்டோம். தப்பாகப் போட்டவளுக்குத்தான் இன்னும் இரண்டு கணக்குக் கொடுப்போம். வாசிக்கத் திணறுகிற பிள்ளையிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவோமா? அப்படிப் பிடுங்கியிருந்தால் நான் இன்று இந்த மேடையில் நிற்பேனா? பிறகு ஓடத் திணறுகிற பிள்ளையிடமிருந்து மட்டும் ஓட்டத்தை ஏன் பிடுங்குகிறோம்?

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஆட்டம்னா அவுட் இருக்கத்தானே செய்யும் தாத்தா? நான் சின்னப் பையனா இருந்தப்பவும் இப்படித்தான்."

"நீங்க சீக்கிரம் அவுட் ஆவீங்களா மாஸ்டர்?"

"நானா? கடைசி ஆள் நான்தான்!"

சொல்லிவிட்டு அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவுட் இல்லாம எப்படி ஆட்டத்தை முடிக்கிறதுன்னு எனக்குத் தெரியல, தாத்தா" என்றார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தெரியாமலேயே பிரிந்தோம்.

இதற்கு வழி எங்கே கிடைத்தது? எங்கள் மாலை வகுப்பில் கிடைத்தது. பேக்கரி அடுப்படியில் நின்றே வாழ்ந்தவன் நான். எனக்கு உட்காரக் கற்றுக்கொடுத்ததே இந்தப் பள்ளிதான். அதுவும் எப்படிப்பட்ட பெஞ்சு? ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சு! முழங்கால் மோவாயை இடிக்கும். ஒரு மணி நேரம் ஆனால் எழுத்து மங்கும், கண் சொக்கும். அப்படி ஒருநாள் எங்கள் டீச்சரம்மா, "எல்லாரும் எந்திரிங்க, கிரவுண்டை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்று எங்களைக் கிளப்பினார். உடற்பயிற்சிப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் எங்களைப் பார்த்ததும், "ஒரு ஆட்டம் ஆடிப் பாக்குறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டு விசிலை ஊதிவிட்டார். ஊதியதும் ஓடினோம்! எங்களைத் துரத்தியவர் பஸ் கண்டக்டர் அக்கா. அதோ, சிரிக்கிறாரே, அவர்தான். முதலில் மாட்டியவர் தையல்கார அண்ணன்.

"அண்ணே, நீங்க அவுட்டு. ஓரமா போய் உக்காருங்க."

"எதுக்குப் போகணும்?"

"அதான் பிடிச்சிட்டேனே!"

"பிடிச்சா என்ன, காலா போச்சு? நாள் பூரா மெஷின்ல உக்காந்துட்டு இப்பத்தான் எந்திரிச்சிருக்கேன். இங்கேயும் உக்காரச் சொல்றியேம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? நானும் உன்கூடச் சேந்து மத்தவங்களைப் பிடிக்கிறேன். போ, நீ அந்தப் பக்கம் மடக்கு!"

அது ஆட்டத்தின் சட்டமே இல்லை என்று நாங்கள் கத்தினோம். அவர் கேட்கவில்லை, துரத்த ஆரம்பித்துவிட்டார். துரத்துகிறவர் இரண்டு பேர் ஆனார்கள், நான்கு பேர் ஆனார்கள், கடைசியில் எல்லோருமே துரத்துகிறவர்கள். பிடிக்க ஆள் இல்லை. ஆட்டம் தானாக முடிந்தது! கடைசி வரை நான் மாட்டவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். என்ன செய்வது, தையல்கார அண்ணன் சபையில் இருக்கிறார்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். ஊத மறந்துவிட்டார். அடுத்த பி.டி. பீரியடில் இரண்டாம் வகுப்புக்கு அதையே சட்டமாக்கினார். பிடிபட்டவர் அவுட் இல்லை. பிடிக்கிறவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

வாண்டு என்ன ஆனாள்? உள்ளதைச் சொல்கிறேன். அவள் வேகம் கூடவில்லை. அன்றைக்கும் அவளே முதலில் மாட்டினாள். ஆனால் முதலில் மாட்டுகிறவளுக்குத்தானே துரத்த அதிக நேரம்? வகுப்பிலேயே அதிகம் ஓடியவள் அன்று அவள்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "தாத்தா, இன்னைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட் மாட்டுனேன்!" என்றாள். என்ன பெருமை அந்தக் குரலில்! வயிற்றுவலி பேச்சே இல்லை. அந்தக் குண்டுப் பையன் மூன்று பேரை மடக்கினானாம். அவனுடைய அப்பா இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் வாரம் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இவர்களை மறுபடியும் வரிசையில் உட்காரவைக்கப் போகிறோமா? இதுதான் இன்றைய கேள்வி. எழுத்தை அறிந்து, எண்ணை அறிந்து, தன் உடலை மட்டும் அறியாமல் ஒரு பிள்ளை வளரலாமா? மூச்சு வாங்கினால் பயப்படக் கூடாது என்று அது எப்போது கற்கும்? விழுந்தால் எழுந்துகொள்ள எப்போது கற்கும்? பந்து முகத்துக்கு நேரே வரும்போது கண்ணை மூடாமல் நிற்க எப்போது கற்கும்? வேகமாக ஓடுகிற பிள்ளை எங்கே விட்டாலும் ஓடும். மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கு இந்த மைதானத்தை விட்டால் வேறு இடம் ஏது? இந்த வயதை விட்டால் வேறு வயது ஏது?

யாரோ கேட்கிறார்கள், "அப்போ கப்பு?" என்று. ஐயா, கப்பு எனக்கும் பிடிக்கும். போன தடவை கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. வேண்டாம் என்று யார் சொன்னது? காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் பழகட்டும். மாஸ்டர் வரச் சம்மதித்துவிட்டார். "காலையில யாரு கேட்டைத் திறந்து நிக்கிறது?" என்கிறீர்களா? பேக்கரிக்காரனிடமா இதைக் கேட்கிறீர்கள்? சூரியனை எழுப்பிவிட்டு வேலைக்குப் போனவன் நான். வந்து நிற்கிறேன்.

என்ன அம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். இவர் நம் ரிலே அணியில் முதலில் ஓடும் பெண்ணின் தாயார். இவர் சொல்வதை மைக்கில் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்: "என் பொண்ணை நானே காலையில கொண்டாந்து விடுறேன். ஆனா அந்தப் பீரியட்ல அவளையும் மத்த புள்ளைங்களோட விடணும். மூணு வருஷமா அவ ஓடிக்கிட்டேதான் இருக்கா. ஒரு நாள்கூட விளையாடல."

இது என் தாளில் இல்லை. உட்கார்ந்திருந்தவர்களை மட்டுமே பார்த்தேன். ஓடிய பிள்ளையும் விளையாடவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தாயே, நான் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். தலைவர் அவர்களே, இனி நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். வாக்கெடுப்பை நடத்துங்கள். பி.டி. பீரியட் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன். அந்தத் தாயும் தூக்கிவிட்டார். கப்பைக் கேட்ட ஐயா, உங்கள் கையும் மேலேதானே இருக்கிறது? நன்றாகத் தூக்குங்கள், பின்னால் தெரியட்டும்!

திக்கித் திக்கிப் படித்த என்னைத் திருத்தாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. வீட்டில் தூங்காமல் காத்திருக்கும் பிள்ளைகளிடம் முடிவை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.