ஏலம் போன வீடும் வக்கீல் லட்சுமணசாமியும்

அக்கிராசனம் வகிக்கும் டாக்டர் செங்கோட்டையன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வக்கீல் நண்பர்களே, கணவரை இழந்த துயரத்திலும் இங்கு வந்திருக்கும் நாச்சியம்மாள் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். உக்கடத்தில் மரக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்துக்குக் காரியதரிசி. மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஆனால் வக்கீல் லட்சுமணசாமி அவர்களுக்காக ஒரு கூட்டம் கூடும்போது நான் வாய் மூடி உட்கார்ந்திருந்தால், நாளைக்கு என் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போக எனக்குக் கால் வராது. ஏனென்றால் அந்த வீடு இன்று என் வீடாக இருப்பது அவரால்.

இந்தக் கூடத்தில் இருக்கும் எத்தனை பேருடைய வீடு அவரால் நின்றது? நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனசாட்சிக்குத் தெரியும். அதேபோல, யாருடைய வீடு நிற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். அவரைப் புகழ்ந்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டுப் போனால், அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

திட்டுவதில் அவருக்கு நிகர் அவரேதான். தாராபுரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சன்னது எடுத்து வக்கீல் தொழில் தொடங்கியவர். கோர்ட்டில் அவர் குரல் மெலிந்த குரல். "கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்" என்று ஜட்ஜே கேட்க வேண்டியிருக்கும். ஆனால் வீட்டில், கட்சிக்காரர்களிடம், அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்தவனை அவர் விட்டதே இல்லை. "கையி உங்களுதுதானுங்களே, கண்ணு யாருதுங்க?" என்று கேட்பார். நானே அந்தக் கேள்வியை வாங்கியிருக்கிறேன்.

நம்முடைய கதை எப்படி ஆரம்பித்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. பிளேக்குக்குப் பயந்து ஊரே வெளியில் கூடாரம் அடித்துக் கிடந்த காலத்துக்குப் பிறகு, நெருக்கமான தெருக்களை விட்டு வெளியேறி, காற்றோட்டமாக வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் வந்தது. மனை வாங்கினோம். கையில் இருந்த காசு அஸ்திவாரத்தோடு தீர்ந்தது. மீதிக்கு ஒரு பாங்கியில் வீட்டை அடமானம் வைத்தோம். அந்தப் பாங்கியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இது துக்கக் கூட்டம்.

அந்தப் பாங்கிக்கு அப்போது சட்ட ஆலோசகர் யார்? லட்சுமணசாமி அவர்களேதான். நம்முடைய அடமானப் பத்திரங்களை எழுதியவர் அவர். நூற்றுக்கு ஒன்பது வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது என்று தெளிவாக எழுதி, ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்.

பிறகு பருத்தி விலை விழுந்தது. ஊரில் பணம் வற்றியது. தவணைகள் தவறின. பாங்கிக்காரர்கள் யாரையும் கேட்காமல் வட்டியைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். கட்டாத வட்டியை முதலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டார்கள். ரசீது ஆங்கிலத்தில் வந்தது. நாமும் கட்டினோம். கட்டக் கட்டக் கடன் ஏன் குறையவில்லை என்று நம்மில் யாராவது கேட்டோமா?

ஒரே ஒருவர் கேட்டார். சாமியாத்தாளம்மா.

அவருடைய கணவர் பருத்தி வியாபாரம் செய்தவர். வீடு கட்டி முடித்த மறு வருஷமே இறந்துபோனார். அந்த அம்மா எருமை வைத்துப் பால் ஊற்றியும், வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டும் தவணை தவறாமல் கட்டி வந்தார். ஒரு நாள் காலையில் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனார். அன்று ஒரு கிரய விஷயமாக நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க வக்கீலய்யா, பத்திரம் நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க? நீங்க படிச்சது ஒண்ணு, அவிங்க வாங்கறது ஒண்ணா இருக்குதுங்களே. நீங்க படிச்சது தப்புங்களா, இல்ல அவிங்க வாங்கறது தப்புங்களா?" என்று கேட்டார்.

வக்கீல் திட்டவில்லை. முகம் சிவந்துபோனது. "நான் படிச்சதுல தப்பில்லீங்கம்மா. நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் போயி கேட்டுட்டு வாரேன்" என்றார்.

அன்று பகலிலேயே பாங்கிக்குப் போனார். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன். டைரக்டர்கள் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்களாம். "பத்திரத்தைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, வசூலைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை" என்றார்களாம். "நான் எழுதிய பத்திரத்தை நீங்கள் பொய்யாக்கினால், அந்த ஜனங்களிடம் பொய் சொன்னவன் நானாகிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, ராஜினாமாவை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சொல்வதற்கு இது ஒரு வரி. வாழ்வதற்கு? பாங்கி வேலை போனதும் மில்காரர்களுடைய வழக்குகளும் போயின. வாசலுக்கு வந்துகொண்டிருந்த கார்கள் நின்றுபோயின. நாச்சியம்மாள் அவர்கள் ஒரு முறை என்னிடம் சொன்னார்: "வருமானம் போனதுக்கு எனக்கு வெசனமில்லீங்க. இத்தன நாளா மனுசன் சோறு தின்னுட்டே என்னமோ ரோசனையில இருப்பாரு. இப்பத்தான் சாப்பாட்டுல உப்பு இருக்குதா இல்லியான்னு சொல்றாரு."

அவர்தான் நம் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். அவர்தான் வழக்கைப் போட்டார். பத்திரத்தில் உள்ள வட்டியை மட்டும் கட்டுங்கள், கூடுதலாகக் கேட்பதைக் கட்டாதீர்கள் என்று நமக்கு யோசனை சொன்னார். சட்டப்படி சரியான யோசனை. நம்மில் பலர் அதைக் கேட்கவில்லை. பயந்தோம். வழக்கும் நடக்கட்டும், பாங்கி கேட்பதையும் கட்டி வைப்போம் என்று இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டோம். அந்த யோசனையை அப்படியே நம்பி நடந்தவர்களில் முதல் ஆள் சாமியாத்தாளம்மா.

பாங்கியும் பார்த்தது. யார் மேல் முதலில் கை வைத்தால் மற்றவர்கள் நடுங்குவார்கள் என்று கணக்குப் போட்டது. அந்த அம்மாவின் மேல் தனியாக வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பும் வாங்கியது. வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. லட்சுமணசாமி அவர்கள் மேல்கோர்ட்டில் அப்பீல் செய்தார். ஏலத்தை நிறுத்தி வைக்க மனுவும் போட்டார். மனு விசாரணைக்கு வரும் நாள் ஏலத்துக்கு முந்தின நாள்.

அந்த அம்மா வந்து கேட்டார்: "ஏனுங்க, எருமையத் தம்பி ஊட்டுக்கு ஓட்டி உட்டுரலாங்களா? சாமான எடுத்து வெக்கறதுங்களா?"

"ஏலம் நடக்காதுங்கம்மா. நாஞ் சொல்றனுங்க. வெசனப்படாம போங்க" என்றார் இவர்.

விசாரணை நாளன்று ஜட்ஜுக்கு உடம்பு சரியில்லை. மனு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஏலம் தள்ளிப்போகவில்லை.

பெரியோர்களே, அந்தக் காட்சியை நான் பார்த்தேன். டமாரம் அடித்தார்கள். வீடு பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. வெளியூர்த் தரகர் ஒருவர் எடுத்தார். லட்சுமணசாமி அவர்கள் மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏலம் போட வந்த கோர்ட்டு அமீனாவிடம் மன்றாடிக்கொண்டு நின்றார். கோர்ட்டில் கேட்காத அந்தக் குரல் அன்றைக்கும் கேட்கவில்லை. வீடு காலியாகும்போது அந்த அம்மாதான் இவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இவர் தன் வீட்டில் ஒரு பகுதியை ஒழித்துக் கொடுப்பதாகச் சொன்னார். நாச்சியம்மாளும் போய் அழைத்தார். சாமியாத்தாளம்மா சொன்ன பதிலை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்கிறேன்.

"நீங்க பொய் சொல்லலீங்க. நடக்காதுன்னு நெனச்சீங்க, நடந்துபோச்சு. நா வந்து உங்க ஊட்டுல இருந்தா, தெனமும் என்ற மூஞ்சியப் பாத்துப் பாத்து நீங்க வெந்துபோயிருவீங்க. நா பெருந்துறைக்கு மக ஊட்டுக்கே போறனுங்க. நீங்க மத்தவிங்க ஊட்டப் பாருங்க."

மற்றவர்கள் வீட்டை அவர் பார்த்தார். சென்ற வருஷம் மேல்கோர்ட்டில் நம் வழக்கிலும் அந்த அம்மாவின் அப்பீலிலும் ஜெயித்தோம். கூடுதலாக வாங்கிய வட்டி முழுவதையும் பாங்கி திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. நம் தெருக்களில் வெடி போட்டார்கள். மாலை வாங்கிக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். கழுத்தை நீட்டவில்லை அவர்.

"ஆறுச்சாமியண்ணா, இதெக் கொண்டுபோயி ஏதாச்சுங் கோயில்ல சாத்துங்க. அந்தம்மா ஊட்டுச் சாவி இன்னும் வேற ஆளு இடுப்புலதான இருக்குது" என்றார்.

தீர்ப்பு நியாயத்தைக் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை. ஏலத்தில் எடுத்தவர் வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதர். பின்னால் தீர்ப்பு மாறினாலும் அவரிடமிருந்து வீட்டைப் பிடுங்க முடியாது என்பது சட்டம். வக்கீலுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துமே அந்தத் தரகரைத் தேடிப் பலமுறை போனார். வீட்டைத் திருப்பிக் கொடுங்கள், நீங்கள் கொடுத்ததற்கு மேல் தருகிறோம் என்று கேட்டார். தரகர் ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றினார். கடைசி முறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்.

கூடுதல் வட்டிப் பணம் வந்ததும், சாமியாத்தாளம்மாவின் பங்கை இவரே பெருந்துறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். துணைக்கு நான் போனேன். அந்த அம்மா மகளின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மோர் கொடுத்து, பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஊடு போனது போச்சுங்க. மத்தவிங்களாவது குடியிருக்கறாங்கல்லங்க" என்றார். ஒரு கடுஞ்சொல் இல்லை. திரும்பி வரும் வழியில், சிங்காநல்லூர் தாண்டிய பிறகு வக்கீல், "அந்தம்மா என்னிய நாலு வார்த்த திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டைத் திருப்பித் தர முடியாவிட்டால், தப்பான தீர்ப்பை வைத்து ஏலம் போட்ட பாங்கிதான் வீட்டின் உண்மையான விலையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது என்றார். சாமியாத்தாளம்மாவைப் போலவே வீட்டை இழந்த குடும்பங்கள் வேறும் இருக்கின்றன. காரமடையில் ஒன்று இருக்கிறது. கோட்டைமேட்டில் ஹபீபுன்னிசா அம்மாளுடைய குடும்பம் இருக்கிறது. அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து மனு தயார் செய்யத் தொடங்கினார். கோர்ட்டுக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். வீட்டின் மதிப்பைச் சொல்லச் சாட்சி வேண்டும். அதற்காகச் சங்கத்தைக் கூட்டச் சொன்னார்.

இதே கூடத்தில்தான் கூட்டினோம். தை மாதம். எத்தனை நாற்காலி போட்டோம் என்பது எனக்கு நினைவில்லை. பெரும்பாலானவை காலியாகவே இருந்தன. நம் வீடு நமக்கு வந்துவிட்டது. நம் பணம் நமக்கு வந்துவிட்டது. அறுவடை, கல்யாணம், மில்லில் ஷிப்டு என்று எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. பொய்யான காரணங்கள் என்று நான் சொல்லவில்லை.

லட்சுமணசாமி அவர்கள் அந்த நாற்காலிகளைப் பார்த்தார். இவ்வளவு நாள் நம்மைத் திட்டியவர், அன்று திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "செரி, வந்தவரைக்கும் போதும்" என்று சொல்லி, வந்த சிலரோடு பேசிவிட்டுப் போனார். அதற்குப் பின் அவர் உடம்பு தேறவில்லை. காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. மனு பாதியில் நிற்கிறது.

அவர் திட்டாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாம் திட்டுக்குக்கூடத் தகுதியற்றுப் போய்விட்டோமா என்று தோன்றியது.

இன்று இந்தக் கூடம் நிறைந்திருக்கிறது. வாசலிலும் நிற்கிறீர்கள். இறந்தவருக்காக வந்த இந்தக் கூட்டத்தில் பாதி, அவர் இருந்தபோது வந்திருந்தால்? கேட்கத்தான் முடியும். பதிலை அவருக்குச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று செய்ய முடியும். அவரிடம் ஜூனியராக இருந்த இளம் வக்கீல் பாலுசாமி அவர்கள் இந்த மேடையில் இருக்கிறார். பாதியில் நிற்கும் மனுவைத் தானே முடித்து, கோடை விடுமுறைக்கு முன் தாக்கல் செய்வதாக நேற்று நாச்சியம்மாள் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். கோர்ட்டுக் கட்டணம் சங்கத்தின் பொறுப்பு. திரும்பி வந்த வட்டியில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் அதற்குக் கொடுப்போம். சாட்சி சொல்ல நான் கூண்டில் ஏறுகிறேன். என்னோடு ஏறுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாமல், பாலுசாமி அவர்களிடம் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். வீடு இழந்த கடைசிக் குடும்பத்துக்கு விலை கிடைக்கும் வரை இந்தச் சங்கம் கலையாது. லட்சுமணசாமி அவர்களின் மனைவியின் முன்னால் நின்று, உங்கள் சார்பில் இந்த வாக்கைக் கொடுக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் இப்போதே சொல்லிவிடலாம்.

யாரும் சொல்லவில்லை. நன்றி.

இப்போது, அவர் நினைவாக நாம் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு வார்த்தை. பெருந்துறையிலிருந்து சாமியாத்தாளம்மா வந்திருக்கிறார். அதோ, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலேயே வந்து, நாச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்த மனிதர்மேல் கோபப்பட இந்த ஊரில் ஒருவருக்காவது உரிமை உண்டு என்றால், அது அவருக்குத்தான். அவர் முதலில் எழட்டும். பிறகு நாம் எழுவோம்.