டிக்கியிலிருந்து ஒரு பதில்

இரவு பதினொன்று. கால்வாயை ஒட்டிப் போகிற ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள்… நடுவில் ஒரே ஒரு கார். காருக்குள் பாட்டு.

மழை விடுகிறவரை இந்த ஷெட்டைவிட்டு யாரும் நகரப் போவதில்லை. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். காரை ஓட்டியவர் என் நண்பன் ஏணியின் சகலை. ஏணியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பல்பு மாட்ட ஸ்டூல் கேட்காத ஆள். மின்விசிறிக்குப் பயந்து பாதி ஆயுளைக் குனிந்தே கழித்தவன். அவனுக்குப் பொய் வராது, அது என் இலாகா. ஆகவே இதில் நம்ப முடியாத இடம் எது வந்தாலும் அது ஏணி சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகலைக்கு உறைபதனக் கிடங்கில் வேலை, மாலை ஷிப்ட் மேற்பார்வை. உள்ளே போனால் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் ரயில் எஞ்சின் மாதிரி வெள்ளைப் புகை. நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

மனைவி போன பிறகு அந்தக் குளிர் அவருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அழவில்லை. ஒரு நாள் சவரம் தவறவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு அனுப்பிவைத்தார். அவர் கிடங்கில் உறைந்து கிடக்கிற பட்டாணிக்குக்கூட அவரைவிட முகபாவம் அதிகம்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பார்த்து, "இருக்கியா?" என்பார். முன்பெல்லாம் சமையலறையிலிருந்து "இருக்கேன்" என்று வரும். இப்போது வராது. வராது என்று தெரியும். இருந்தாலும் வாய் கேட்டுவிடும். அப்புறம் விளக்கைப் போடுவார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல இதை ஏணியிடம் சொன்னாராம்.

அந்த அம்மாளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. காரோடு கம்பெனி கொடுத்த செட்டில் கேசட் மட்டும்தான் பாடும். டிக்கியில் ஆறு சிடி அடுக்குகிற சேஞ்சர் வைத்துவிட்டால், முன் சீட்டில் சாய்ந்தபடியே பொத்தானை அமுக்கி மாற்றிக்கொண்டு போகலாம். "அப்புறம் பாக்கலாம்" என்று சகலை சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு ஒரு விடுமுறை நாளில், சேஞ்சரை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாள் சேர்த்து வைத்திருந்த சிடிகளையும் எடுத்துக்கொண்டு, கார் எலெக்ட்ரீஷியனிடம் போய் நின்றார்.

எலெக்ட்ரீஷியன் கெட்டிக்காரன்தான். ஆனால் வாய் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடாது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு கடை முழுக்கத் தேடுகிற ரகம்.

"சார், கம்பெனி செட்டு சந்தேகப் பிராணி. வெளிச் சேஞ்சரை வீட்டுக்குள்ள சேக்காது. மூச்சுக்கு மூச்சு டிக்கியப் பாத்து 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். கம்பெனி சேஞ்சருக்குப் பதில் சொல்லத் தெரியும். இதுக்குத் தெரியாது. அதான் நடுவுல இந்தப் பொட்டி." தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை ஆட்டிக் காட்டினான். "சேஞ்சருக்குப் பதிலா இது 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிடும். செட்டு நம்பிடும்."

"பதில் வரலைன்னா?"

"பாட்டு வராது. அவ்ளோதான்."

"பாவம்" என்றார் சகலை.

கார்ப்பெட்டைத் தூக்கி, டிக்கியிலிருந்து முன்பக்கம்வரை ஒயர் இழுத்தாயிற்று. டேஷ்போர்டை மூடுகிற சமயத்தில் கரண்ட் போய்விட்டது. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு மிச்ச வேலையை முடித்தான். போட்டுப் பார்த்தார்கள். பாடியது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போதுதான் அந்தச் சாலை… அந்தப் பதினொரு மணி. போன் அடித்தது.

"சார், மன்னிச்சுக்குங்க. அந்தப் பொட்டி இங்கயே கெடக்கு சார், பழந்துணிக்கு அடியில. நான் மாட்டவே இல்ல. நேத்து எப்படிப் பாடுச்சோ தெரியல. இனிமே பாட்டு வராது, நாளைக்கு வண்டியக் கொண்டாங்க."

"வந்துக்கிட்டுதான இருக்கு."

"வராது சார். ரெண்டு ஒயரும் ஒண்ணையொண்ணு தொடாமத் தொங்குது."

சகலை போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். பாட்டைக் கேட்டதும் எலெக்ட்ரீஷியனின் வாய் முதல் தடவையாக வேகம் குறைந்தது.

"சார்… செட்டு கேக்குதுல்ல. அங்க யாரு சார் பதில் சொல்றது?"

சகலை போனை வைத்தார். வண்டியை ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. பாட்டும் நின்றது. கால்வாய்த் தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன… பிறகு வாசனை. அந்த அம்மாள் நெற்றியில் தேய்த்துக்கொள்கிற தலைவலித் தைலம். பின் சீட்டுக்கும் அப்பால், மூடிய டிக்கிக்குள், நகத்தால் சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

இடைவெளி.

மறுபடி அதே சத்தம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் கேட்பதுபோலவே கேட்டார். "இருக்கியா?"

பிறகு இதை அவர் சொன்னபோது ஏணி குறுக்கிட்டானாம்.

"பதில் வந்துதா, சகலை?"

"பதில் இல்ல. அவளும் அதையேதான் கேட்டா. 'இருக்கீங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கேன்னேன்." அவர் உதடு அசைந்தது. "விட மாட்டேங்கறா. மூச்சுக்கு மூச்சு கேக்கறா. வீட்டுலயும் கேக்கறா. தூங்க முடியல. சொல்லாம விட்டா அவ கேக்கறத நிறுத்திடுவாளோன்னு இருக்கு." உதடு மறுபடி அசைந்தது.

சில நாளிலேயே ஆள் பாதியாகிவிட்டார். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறாரா, சட்டை அவரைப் போட்டுக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது. இப்படியே விட்டால் மனிதர் மிஞ்ச மாட்டார் என்று ஏணிக்குப் பயம். சகலை வேலையில் இருக்கிற நேரம் பார்த்து, எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டுபோய், கிடங்கு வாசலில் நின்ற காரை மாற்றுச் சாவியால் திறந்தான்.

"பொட்டிய மாட்டிட்டா அதுவே பதில் சொல்லிக்கும். சார் தூங்கலாம்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

டேஷ்போர்டைக் கழற்றினார்கள். ஒயர்கள் இரண்டும் ஒரு சாண் தள்ளித் தொங்கின. நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. செட்டைப் போட்டான். பாடியது. தைல வாசனை குப்பென்று வந்தது. டிக்கிக்குள் அதே நகச் சத்தம். பெட்டியை நடுவில் மாட்டினான். டிக்கிச் சத்தம் நின்றது. வாசனை போயிற்று. பாட்டு மட்டும், கடையில் பாடுகிற மாதிரி, சும்மா பாடிக்கொண்டிருந்தது.

ஏணி கிடங்குக்குள் ஓடினான். கதவுச் சட்டம் நெற்றியில் இடித்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. குளிர் அறைக்குள் பெட்டி தூக்குகிறவர்கள், ஆளுக்கொரு ரயில் எஞ்சினாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சகலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சின்ன வெள்ளைப் புகை.

"சகலை, பொட்டிய மாட்டியாச்சு. இனிமே அது சொல்லிக்கும். நீங்க சொல்ல வேண்டாம்."

"வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்பாடா" என்றார் சகலை.

தெளிவாகச் சொன்னாராம். சுற்றி நின்றவர்கள் வாயிலெல்லாம் புகை. ஏணி வாயிலும் புகை. அவர் வாயிலிருந்து மட்டும் வரவில்லை.

இன்றைக்கும் ஷிப்ட் தவறாமல் வேலைக்குப் போகிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். சவரம் மட்டும் செய்துகொள்வதில்லை… அன்றைக்குப் பிறகு தாடி வளரவே இல்லையாம்.