ஷர்மிளா டவுன்

தடுப்புக்குப் பிளைவுட் வாங்கும்போது கொஞ்சம் கனமாகப் பார்த்து வாங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் கடைக்கு நான் மெலிசாக வாங்கிவிட்டேன். மற்றபடி என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். வளைகுடாவில் சில நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு போனில் முகம் பார்த்துப் பேசத் தடை. அதனால் என் கடையிலிருந்து அவர்கள் போன் வரைக்கும், இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட சுரங்கம் மாதிரி ஒரு பாதை போட்டுக் கொடுப்பேன். புகாரில் சுரங்கம் என்று இருந்ததற்காக உங்கள் ஆட்கள் கடப்பாரையோடு வந்து கடைத் தரையைப் பெயர்த்தது வீண் வேலை. குடும்பத்துக்கு ஒரு பாதை, அதற்கு மனைவி பெயர், அவ்வளவுதான். ஊரில் சிக்னல் சரியில்லாத பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து தடுப்புக்குள் உட்கார்ந்து பேசுவார்கள். நடுவில் எந்த நாட்டு அரசாங்கமும் ஒட்டுக்கேட்க முடியாது. பிளைவுட் வழியாக நான் மட்டும் கேட்பேன்.

கேட்டால் மனசு தாங்காது. எனக்கும் என் மனைவி கஸ்தூரிக்கும் ஒரு சாயங்காலச் சண்டைதான். அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அன்றைக்கு யாராவது எங்கள் பேச்சை நடுவில் நிறுத்தியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எம்.ரெட்டியபட்டி ஷர்மிளா பானு ஒரு நாள் தன் கணவர் சாதிக்கிடம் குரலை உயர்த்தினாள். நான் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்: ஐபி லிங்க் செட் ஷர்மிளா டவுன். பேச்சு நின்றது. நீங்கள் கம்ப்யூட்டரில் அந்த வரியைப் படித்துவிட்டு, ஷர்மிளா டவுன் எந்தப் பக்கம், பிளாட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டீர்கள். டவுன் என்றால் பாதையை இறக்கு என்று அர்த்தம், ஐயா.

அதன்பிறகு குரல் ஏறினாலே இறக்கினேன். மூக்கை உறிஞ்சினாலும் இறக்கினேன். "நான் ஒண்ணு கேக்கணும்" என்று யார் ஆரம்பித்தாலும் அங்கேயே இறக்கினேன். அந்தப் பேச்சு நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை. கடையில் கூட்டம் கூடியதும் மைக் வைத்து, சத்தம் வந்தால் பாதை தானாகவே இறங்கும்படி புரோகிராம் எழுதிவைத்தேன். ஒருமுறை ஷர்மிளா தும்மியதற்கும் இறங்கிவிட்டது. அது என் பிழை, திருத்திவிட்டேன்.

சாதிக் லீவு போட்டு ஊருக்கு வந்தார். இனிமேல் சேர்ந்து வாழ முடியாது என்று இருவருமே ஜமாத்தில் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் காரணம் கேட்டார்களாம்.

"பேசிக்கிட்டு இருக்கும்போதே போனை வச்சிருவா. நான் என்ன மனுசனா, மரமா?"

"நான் எங்க வச்சேன்? நீங்கதான வச்சீக."

அங்கேதான் குட்டு உடைந்தது. அத்தனை நாள் சண்டையையும் ஒரே மதியத்தில் ஊரே கேட்கப் போட்டுத் தீர்த்துவிட்டு, ஒரே ஆட்டோவில் ஏறி வந்து என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர்களை மட்டும் வைத்து என்னை எடை போடாதீர்கள். என்னிடம் பாதை வாங்கிய மற்ற ஒன்பது குடும்பங்களையும் விசாரியுங்கள். ஒன்பது ஜோடியும் பிரிந்துவிட்டார்கள். ஒரு வீட்டிலாவது சண்டை நடந்தது என்று சொல்லட்டும், பார்க்கலாம்.