கோடிச் சேலை

"அந்தச் சேலைய நீங்களே கொஞ்ச நேரம் சுத்திக்குங்க மாமா."

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸை எல்லைச் சுங்கச் சாவடியில் நிறுத்தியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் சீமையோடு இருந்த சுங்க ஒப்பந்தம் முறிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வரிசையில் எனக்கு முன்னால் புதுச் சேலையோடு நின்ற பெரியவரின் தங்கை கடலூரில் இறந்துவிட்டாள். பேசியவர் அவளுடைய கொழுந்தன். பெரியவரை அழைத்துப்போக வந்தவர்.

"புதுத் துணிக்குத்தான் தீர்வை" என்றார் சாவடிச் சேவகர். "அத வாங்குற ஐயா சாயங்காலந்தான் வருவாரு. கட்டுன துணின்னா இப்பவே உட்டுடுவேன்."

"கட்டிட்டா அது கோடி இல்லீங்களே. பொறந்த வூட்டுக் கோடி போத்தித்தான் அவள எடுக்கணும்."

"மத்தியானத்துக்கு மேல பொணம் தாங்காது மாமா. வெறுங்கையோடயாவது வாங்க."

"வெறுங்கையோட வந்தா அவளுக்குப் பொறந்த வூடே இல்லன்னு ஆயிடும்."

சாலையின் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலைப் பெரியவர் பார்த்தார்.

"தம்பி, அவள இங்க தூக்கியாந்துடுங்க. மூங்கிலுக்கு இந்தாண்ட வெச்சே போத்திடறேன்."

பிறகு சேவகரிடம் திரும்பினார்.

"திரும்பிப் போறப்ப, அது அவ கட்டுன துணிதானேங்க?"