முப்பதாயிரம் சொன்ன அக்கா

எனக்குக் காளான் பிடிக்காது, ஐயா. சாப்பிட்டால் வயிறு பொருமும். குத்தாலத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி மையத்தை மூன்று வருடம் நடத்தியும் ஒருநாள்கூட வாயில் வைத்ததில்லை.

விதையும் பைகளும் சேர்ந்த மூட்டை இருபத்தைந்தாயிரம். விளைவதை நானே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். விதை காலாவதியானது என்பதால் ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

வருமானம் இவ்வளவு வரும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சட்டத்தை மதிப்பவன். அதைச் சொல்ல வலங்கைமான் வானதி அக்கா இருந்தார். முதலில் சேர்ந்தவர் அவர்தான். நடவு வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, பதினோரு கிலோ எடுத்தார். மீதியெல்லாம் பச்சைப் பூசணம்.

பக்கத்து வீட்டுக்காரரின் கார் அருகே அவரை நிறுத்தி வீடியோ எடுத்தேன்.

“மாசம் எவ்வளவுக்கா வருது?”

“மூவாயிரம்கூட வரலையே, லியோ தம்பி.”

“வரப்போறதைச் சொல்லுங்கக்கா.”

வெட்கப்பட்டுக்கொண்டே முப்பதாயிரம் என்றார். அந்த வெட்கத்தைப் பார்த்து நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். மதலைமுத்து இரண்டு மா நிலத்தை விற்று ஆறு மூட்டை வாங்கினார். ஆறும் பச்சை.

போன ஆனியில் அக்கா என்னைத் தேடி வந்தார். “எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க தம்பி. பொய் சொன்னேன்னு நாளன்னிக்கு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடுறேன். நீங்களும் வாங்க.” என்னையும் கூப்பிட்டார். பண்பான பெண்.

அன்று மாலையே மதலைமுத்துவும் நாலு பேரும் வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். கோபமாக வருகிறவர்களுக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும்.

“நானும் அந்தம்மாவை நம்பி ஏமாந்தவன்தாங்க,” என்றேன். “அந்தக் கொட்டகை நிக்கிற வரைக்கும் இன்னும் நாலு குடும்பத்தைக் கெடுப்பாங்க.”

மதலைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. “உள்ள ஆளு இருந்தா என்ன சார் பண்றது?”

“நாளைக்குப் பத்து மணிக்குப் போங்க. நடவுக்குப் போயிருவாங்க. ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”

காய்ந்த கீற்று. ஒரே வாசல். உள்ளே பைகள் வரிசையாகத் தொங்கியதால் பின்னால் நின்றவரை அவர்கள் பார்க்கவில்லை. ஐந்து பேரும் இப்போது சிறையில். மதலைமுத்து சாப்பிடுவதில்லை என்று கேள்வி. நெருப்பு வைத்தது அவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அக்கா உள்ளே இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வேலைக்குப் போனாலும் பத்து மணிக்கு வந்து பைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போக வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே நான். பூசணம் பிடித்த பைகளுக்கும் விடாமல் தெளித்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட அப்படி இல்லை, ஐயா. சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் பயிற்றுவித்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.