பஞ்சநதம் சார் கலந்து கொடுத்த குளுக்கோஸ்

இந்த ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவனுக்கு, யார் எதை எவ்வளவு உள்ளே தள்ளுகிறார்கள் என்று பார்க்கிற புத்தி விடாது. உங்கள் ஏட்டு நான் வந்தபிறகே இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். பெல்ட்டின் கடைசித் துளைக்கு வந்திருக்கிறார், சொல்லி வையுங்கள்.

என் பெயர் பஞ்சநதம். நீடாமங்கலத்தில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். என் மேல் புகார் கொடுத்திருப்பது என் மகன் தியாகராசன் என்றீர்கள். தாளைப் பார்த்தேன், அவன் எழுத்துதான். காலேஜுக்கு அனுப்பியும் கையெழுத்து மட்டும் தேறவில்லை. அதில் இருப்பது அநேகமாக உண்மை. ஆனால் காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சொன்னால் எவனும் பூதமாகத்தான் தெரிவான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு நஞ்சை இருக்கிறது, பாட்டன் காலத்துச் சொத்து. இராஜாங்கம் அதைக் குத்தகைக்கு உழுதான். நல்லவன். என்னைவிட வயதில் மூத்தவன்தான், ஆனாலும் நான் வரப்பில் வருவது தெரிந்தால் அவன் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். இப்படி ஒரு சங்கடமும் இல்லாமல் இருந்தோம். புது ஆட்சி வந்தது, சட்டம் வந்தது. உழுகிற குத்தகைக்காரன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் லேசில் கிளப்ப முடியாது என்றார்கள். கட்சிக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சத்தம்போட்டுப் படித்தார்கள். இராஜாங்கத்துக்கு எழுத்து தெரியாது. அவன் மகன் நல்லக்கண்ணுவுக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். மனுப் போட்டுவிட்டான்.

இராஜாங்கத்துக்கு இளைப்பு. சேற்றில் இறங்கினால் மூச்சு வாங்கும். உழுவது, நாற்று பறிப்பது, மடை பார்ப்பது எல்லாம் நல்லக்கண்ணு ஒருவன். விசாரணைக்கு அதிகாரி வந்தால் யார் உழுகிறார்கள் என்றுதான் கேட்பார். நல்லக்கண்ணு இருந்தால் நிலம் அவர்களிடம் நிற்கும். இல்லாவிட்டால் என்னிடம் வரும். விஷயம் இவ்வளவுதான், சிக்கலே கிடையாது.

முதலில் நான் நினைத்தது நல்ல வழி. அதைப் புகாரில் விட்டுவிட்டான் என் மகன். நல்லக்கண்ணு அபாரமான நீச்சல்காரன். ஆடியில் வெண்ணாற்றில் எதிர்நீச்சல் போட்டி நடக்கும். அதில் ஜெயித்தவனைச் சென்னைக்கு அனுப்புவார்கள், அங்கேயும் பெயர் எடுத்தால் போலீஸில் வேலை. காக்கிச் சட்டை போட்டவன் ஏர் பிடிக்க முடியாது. அவனுக்கு உத்தியோகம், எனக்கு நிலம். இரண்டு பேருக்கும் நல்லது என்றுதான் அவனைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தேன். நேர்மையாகவே கொடுத்தேன்.

ஒருநாள் படித்துறையில் கேட்டேன்.

"போலீஸ் வேல வந்தா போயிடுவேல்லடா?"

"எதுக்கு சார் போவணும்? நெலம் பதிவாயிட்டா அதுவே போதும். நீந்துறது சும்மா ஒரு ஆசைக்கு."

ஆசைக்கு நீந்துகிறவனை வைத்துக்கொண்டு ஒரு மாஸ்டர் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சென்னையில் நடந்த ஒரு பயிற்சி முகாம். அங்கே நீச்சல்காரனின் உடம்பு எதைத் தின்று எப்படி ஓடுகிறது என்று ஒரு டாக்டர் பாடம் எடுத்தார். நாம் சாப்பிடுகிற சோறு சர்க்கரையாக மாறித் தசையிலும் ஈரலிலும் போய்ச் சேர்கிறது, வீட்டுப் பத்தாயத்தில் நெல் சேர்கிற மாதிரி. நீண்ட தூரம் நீந்துகிறவன் அதை எடுத்துத்தான் செலவு செய்கிறான். சோற்றை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் கடுமையாக்கினால் பத்தாயம் காலி. காலியான உடம்புக்குள் போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஏராளமாகக் குளுக்கோஸை ஊற்றினால், ரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறும். உடனே இன்சுலின் புறப்பட்டுவரும், ஏறியதை இறக்குவதற்கு. அந்த நேரம் பார்த்துக் கையும் காலும் வேலை செய்ய ஆரம்பித்தால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். கண் இருட்டும், கை துவளும். ஆகவே இப்படி ஒருநாளும் செய்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தரையில் ஓடுகிறவனுக்கு அப்படி வந்தால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோடா கேட்பான். புதுத் தண்ணீர் வந்த வெண்ணாற்றில் உட்கார இடம் இல்லை.

சோறு மந்தம், அதை விடு என்று நல்லக்கண்ணுவிடம் சொன்னேன். பழைய சோறு, சுடு சோறு எதுவும் கூடாது. அதற்குப் பதிலாக என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புரோட்டீன் பவுடரை நானே தண்ணீரில் கலந்து கொடுத்தேன். நீங்கள் அந்த டின்னை எந்த ஆய்வுக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். உடம்புக்கு நல்லது என்றுதான் எழுதி வரும். விஷம் வைக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் டம்ளரை நீட்டுவேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம் போவான். காலி டம்ளரோடு வந்து ஆற்றில் கழுவிக் கவிழ்த்துவைப்பான். அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கள் முன்னால் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, காலகாலமான மரியாதை. மனுப் போடுகிற அளவுக்கு வளர்ந்தபிறகும் அவன் அதை விடவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நானும் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

நாள் போகப்போக அவன் தோள் இறுகிக்கொண்டே வந்தது. புரோட்டீன் செய்கிற வேலை என்று நினைத்தேன். வீட்டில் தியாகராசன்தான் இளைத்துக்கொண்டு போனான். அவனும் நீந்துவான், சுமாராக. போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பின்னாலேயே சுற்றினான். படிக்கிற வேலையைப் பார் என்றேன்.

"அந்தப் பவுடராவது குடுங்கப்பா."

"அது ஒனக்கு ஆகாதுடா."

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்பனுக்குக் குத்தகைக்காரன் மகன்தான் ஒசத்தி என்று அம்மாவிடம் போய்ச் சொன்னானாம். என் மனைவி தர்மாம்பாள் சாப்பாடு போடும்போது, "புள்ள கன்னம் ஒட்டிப்போச்சுங்க. ஆத்தங்கரையில சாப்புட்டுக்கிறேன்னு தூக்குச்சட்டி நெறைய வாங்கிட்டுப் போறான், தின்னது எங்க போவுதுன்னே தெரியல," என்றாள். வயசுப் பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னேன்.

போட்டியன்று படித்துறையில் பந்தல், மேளம், ஐஸ் வண்டி எல்லாம் வந்துவிட்டன. நான் பித்தளைச் சொம்பு நிறைய குளுக்கோஸ் கலந்தேன், பாயசம்போல் கெட்டியாக. நல்லக்கண்ணு வாங்கிக்கொண்டு வழக்கம்போலப் பந்தலுக்குப் பின்னால் போனான். சொம்பு காலியாக வந்தது.

"முழுசும் போச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல சார்."

விசில் ஊதினேன், எல்லாரும் குதித்தார்கள். கரையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பக்கத்தில் பரிசல்காரன் காத்தான் துடுப்போடு தயாராக நின்றான். ஆற்று வளைவுக்குப் பக்கத்தில், கூட்டத்திலிருந்து பின்தங்கி ஒரு தலை மட்டும் நின்றது. முழுகியது. எழுந்து இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. நான் வாட்சைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன நேரம் சரியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, சார். வாக்குமூலம் என்று வந்தபிறகு இதை மறைப்பது அழகில்லை.

காத்தான் பரிசலைத் தள்ளப் போனான். நான் கையமர்த்தினேன். வெளியாள் தொட்டால் நீந்துகிறவன் போட்டியிலிருந்து விலக்கப்படுவான், அது விதி, பொறு என்றேன். விதி அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். ஜனங்கள் கத்தினார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நின்று திரும்பினான். ஓட்டத்தோடு சேர்ந்து கீழே வந்தான். கை விழுகிற விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பழக்கிய கை. நல்லக்கண்ணு முழுகினவனைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு வந்து படியில் போட்டான். தியாகராசன். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. நான் அப்போதுதான் எழுந்தேன்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் கண் திறந்த அன்றைக்கு நல்லக்கண்ணு வாசல்படியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

"தப்புதான் சார். அந்தப் பவுடர் எனக்கு ஒத்துக்கல, வயித்தால போச்சு. நாத்து பறிக்கிற சமயம், சோறு இல்லாம குனிய முடியல. ஒங்க மொகத்துக்கு நேரா வேணாங்க முடியாம வாங்கிட்டுப் போயிடுவேன். சின்னவரு மரத்துக்குப் பின்னால நிப்பாரு. அவரு அதக் குடிச்சுட்டு, அவரு சோத்த எனக்குக் குடுத்துருவாரு. சொம்பும் அப்படித்தான் சார்."

என் வீட்டு அரிசி, தர்மாம்பாள் கையால் வைத்த வற்றல் குழம்பு. அதைத் தின்றுதான் அந்தத் தோள். நம்பிக் கொடுத்ததை இப்படிக் கைமாற்றிவிட்டானே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. இருந்தாலும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அது ஒனக்கு வச்சதில்லடா, நீ ஏன்டா குடிச்ச" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பெற்றவன் அழாமல் என்ன செய்வான். தர்மாம்பாள் என்னைப் பார்த்தாள். தியாகராசன் கையை உருவிக்கொண்டான். அவன் கெட்டிக்காரன், அதைமட்டும் வைத்தே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டான்.

போட்டியில் திரும்பினவனுக்குப் பரிசு இல்லை, பரிசு இல்லாதவனுக்குப் போலீஸ் வேலையும் இல்லை. விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, நிலத்தை உழுகிறவன் நல்லக்கண்ணுதான் என்று முதல் சாட்சி சொன்னது என் மகன். பதிவாகிவிட்டது. அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு இராஜாங்கம் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மூன்று வேளையும் சோறாம், உடம்பு தேறிவிட்டதாம். தர்மாம்பாள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னோடு பேச்சில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நல்லக்கண்ணு ஆற்றோடு போகவேண்டும் என்று நினைத்துத்தான் சோற்றை நிறுத்தச் சொன்னேன், குளுக்கோஸ் கலந்தேன், பரிசலை நிறுத்தினேன். என் மகனைக் கொல்ல முயன்றதாகப் புகாரில் எங்காவது இருந்தால் அதைமட்டும் அடித்துவிடுங்கள். அப்படி நான் கனவிலும் நினைக்கவில்லை. இதை அவனிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் முந்தாநாள் இராஜாங்கம் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்தத் தெருவில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை. தியாகராசன் வெளியே வந்தான்.

"ஒனக்கு நான் செய்வேனாடா?" என்றேன்.

"அவனுக்குச் செய்யலாமாப்பா?" என்றான்.

நானும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், சார். பதில் தெரியாமல் இல்லை. இவ்வளவு படித்த பிள்ளை இதையெல்லாம் ஒரு கேள்வி என்று ஏன் கேட்டான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.